இருநூறு வீட்டுக்கு ஒரே நம்பர்

"இந்த நம்பர் உன்னுதுதானே?"

செல்போனை கோவர்த்தனனின் முகத்துக்கு நேராக நீட்டினான் எத்திராஜ். திரையில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். தன் கம்பெனியின் இன்டர்நெட் முகவரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கோவர்த்தனன் சொல்வான்.

"எங்களுதுதான். இன்னா விஷயம் சார்?"

"யாமினின்னு என் சித்தப்பா பொண்ணு. பெங்களூருக்கு வேலைக்குப் போன எடத்துல எவனையோ கட்டிக்கினு காணாமப் பூட்டா. ஆறு மாசமாத் தேடிக்கினுகீறோம். போன வாரம் தங்கச்சிக்கு மெயில் போட்டுகீறா, நல்லாகீறேன்னு. எங்கேருந்துன்னு எழுதல. நானும் சாஃப்ட்வேர்லதான் கீறேன். மெயிலுக்கு உள்ளாற போய்ப் பாத்தேன். இந்த நம்பர் வந்துச்சு. எந்த வீடுன்னு சொல்லு, போயிக்கினே இருக்கோம்."

திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது, வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் அந்த ஒற்றை அறை அலுவலகம். எத்திராஜோடு வந்த தடியன் ஒருவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். எதிர் நாற்காலியில், வெள்ளை வேட்டியில், யாமினியின் அப்பா வேதாச்சலம். சத்தியவேடு பக்கத்து விவசாயி. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கோவர்த்தனனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றியும் கோவர்த்தனனுக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"கஸ்டமர் விவரத்தையெல்லாம் தரக்கூடாது சார். போலீஸ் எழுதிக் கேட்டாத்தான்..."

"போலீஸ் எதுக்குய்யா நடுவுல? அவ அம்மா ஆஸ்பத்திரியில சாகக் கெடக்குது. பொண்ணை ஒரு தபா பாக்கணும்னு அழுவுது." சொன்னவனின் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அந்தப் பையன் யாரு?" குரல் பிசிறாமல் கேட்கப் பெரும்பாடு பட்டான் கோவர்த்தனன்.

"பேரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. ஒரே ஒரு தபா பாத்துட்டா போதும் எங்களுக்கு."

வாசலில் நின்ற தடியன் இதைக் கேட்டுச் சிரித்தான்.

"சார், சத்தியமா என்னால சொல்ல முடியாது. இந்த மாதிரி நம்பர் இப்ப கெடைக்கிறதே இல்ல. ஆசியாவுக்குன்னு ஒதுக்கினது தீந்து ரெண்டு வருசமாச்சு. என்னை மாதிரி சின்ன ஆளுங்களுக்கு நாலோ அஞ்சோ குடுத்து, இத வெச்சிக்கினு சமாளின்னுட்டாங்க. ஒரே நம்பர்ல இருநூறு வீட்டை ஓட்டிக்கினுகீறேன். வெளியிலேருந்து பாத்தா இருநூறும் ஒரே வீடாத்தான் தெரியும்."

"உன் மெஷின்ல பதிவாகியிருக்குமே."

"அதுல தேடணும்னா, எந்த வீடுன்னு பிரிச்சுக் காட்டுற போர்ட் நம்பரும் வேணும். மெயில்ல அது வராது. உங்களுக்கே தெரியுமே சார்."

எத்திராஜ் உதட்டைக் கடித்தான். அது நிஜம் என்று அவனுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, மேசைமேல் கிடந்த கோவர்த்தனனின் செல்போன் அதிர்ந்தது. திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. அவன் பதறிக் கை நீட்டினான். அதற்குள் வேதாச்சலத்தின் கை முந்திக்கொண்டது. திரையில் வந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்.

"போனெல்லாம் அப்புறம் பேசலாம்!" முதன்முறையாக வாய் திறந்தார். அறையே அதிர்ந்தது. "பெத்தவன் வந்து ஒக்காந்துகீறேன். மொதல்ல இவனுக்குப் பதில் சொல்லு."

அவர் கைக்கடியில் போன் உறுமி உறுமி ஓய்ந்தது.

"சரி, ஐபி வி சிக்ஸ்னு புது நம்பர் முறை வந்துகீதே, அதுக்கு எப்ப மாத்தப் போற?" என்றான் எத்திராஜ். "அதுல நம்பருக்குப் பஞ்சமே இல்ல. வீட்டுக்கு வீடு தனித்தனியா வந்துடுமே."

பொய் சொன்னால் இவனிடம் எடுபடாது.

"அடுத்த மாசம் மாத்தியாகணும் சார். எங்களுக்கு லைன் குடுக்கிற கம்பெனி கெடு வெச்சுட்டாங்க."

"அதுக்கப்புறம் அவ ஒரு மெயில் போட்டா?"

"எந்த வீடுன்னு தெரிஞ்சிடும்."

"அதுவரைக்கும் காத்திருக்கணுமா? அந்த இருநூறு வீட்டு அட்ரஸையும் எடு. ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாத்துடுறோம்."

தடியன் உள்ளே வந்து மேசை இழுப்பறையில் கை வைத்தான்.

"ஏய், வுட்றா!" வேதாச்சலம் அதட்டினார். "இருநூறு கதவைத் தட்டினா ஊரே கூடிடும். அவ உஷாராகி மறுபடியும் ஓடிடுவா. ஆறு மாசம் பொறுத்தோம், இன்னும் ஒரு மாசம் பொறுக்க மாட்டோமா? நீங்க ரெண்டு பேரும் கீழ போய் வண்டியை எடுங்க."

"சித்தப்பா, இவனை இப்படியே..."

"போன்னா போடா!"

முணுமுணுத்துக்கொண்டே எத்திராஜ் படியிறங்கினான். தடியனும் பின்னால் போனான். கீழே ஜீப் உறுமும் சத்தம் கேட்கும்வரை வேதாச்சலம் அசையவில்லை. பிறகு கையை எடுத்தார். போனை மெல்ல கோவர்த்தனன் பக்கம் தள்ளினார். எழுந்து வாசல்வரை போனவர், படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அவ அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறா. யார் வந்து கூப்பிட்டாலும் அவ வரக்கூடாது. அந்தப் புது நம்பர் வர்றதுக்குள்ள வேற ஊருக்குக் கூட்டிக்கினு போயிடுங்க, மாப்ள."