மீசைக்கு அனுமதி இல்லை

பஸ் பணிமனையை மூடிய பிறகு, கணினிச் சிப் தொழிற்சாலை வேலைக்காக அரசாங்கம் நடத்தும் இலவசப் பயிற்சியில் அங்கே வேலை பார்த்த மெக்கானிக்குக்கு இடம் கிடைத்தது.

"துளி தூசு ஆகாதாம். மீசையை எடுத்தாத்தான் உள்ளே விடுவாங்களாம், அரசாங்க உத்தரவாம்," என்றாள் மனைவி.

"கல்யாணத்துக்கே எடுக்காத மீசைடி."

"அப்ப அதைத் தடவிக்கிட்டு வீட்டுலயே இருங்க."

வேலையா, மீசையா என்று இரவெல்லாம் புரண்டவர், மறுநாள் மழுமழு முகத்தோடு போய் நின்றார். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் பயிற்சியாளர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே கத்தை மீசை.

"சார், மீசை ஆகாதுன்னாங்களே?"

"யாரு சொன்னது? முகமூடி எதுக்கு இருக்கு?"

விறைப்பாக வீடு திரும்பியவரை மனைவி கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அரசாங்கம் அப்படிச் சொல்லவே இல்லையாமே?" என்றார்.

"நான் சொல்லி என்னிக்குக் கேட்டிருக்கீங்க? அதான் அரசாங்கத்தை விட்டுச் சொல்லவச்சேன்."