சண்டை நடந்த பொட்டல்

எழுபத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரன் ராசப்பன் மறுநாள் எல்லைக்குத் திரும்ப வேண்டும். அவன் ஆசைப்பட்டான் என்று பாவாயியும் அவள் புருஷனும் கட்டுச்சோற்றோடு மகனைக் கோட்டைக்குக் கீழே இருந்த பொட்டலுக்குக் கூட்டிப்போனார்கள்.

"எரநூறு வருசத்துக்கு முந்தி இங்கதான் சண்டை நடந்துச்சாம்" என்றார் அப்பா.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சொம்போடு ராசப்பனிடம் வந்தாள். "இந்தாங்க சாமி, தண்ணி. அன்னிக்குச் சண்டையில வெட்டுப்பட்டுக் கெடந்து தண்ணி கேட்டீங்க, நான் கொண்டாரதுக்குள்ள கண்ண மூடிட்டீங்க."

ராசப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "பரவால்லீங்க. இப்பவாச்சும் கெடச்சுதே."

பாவாயி மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போவாத சாமி."

"போவாம முடியுங்களாம்மா?"

திரும்பும் பஸ்ஸில் அவள் மகன் கையை விடவேயில்லை. மறுநாள் ரயிலடியில் விட்டாள்.