எதிர்ப்பக்கத்துத் துரை

துரை இன்றைக்கும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மைக்கூட்டில் தொட்டார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

துறைமுகத் தெருவில் என் இடத்துக்கு நேர் எதிரே, கிடங்கு வாசலில் கிடந்த மரப்பெட்டிமேல் அவர் வந்து உட்காருவது இது ஐந்தாவது நாள். மடியில் நோட்டு. என்னை ஒரு பார்வை, நோட்டில் நாலு வரி. அவர் ஒரு வெளிநாட்டுப் பயணி, எங்கள் ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அனுமானம் செய்வதில் எனக்குத் தனித் திறமை உண்டு.

என் தொழில் கடிதம் எழுதிக் கொடுப்பது. மனுவோ, நலம் விசாரிப்போ, எதுவானாலும் தேதி, இடம், பொருள் என்று வரிசை தப்பாமல் எழுதுவேன். இந்த இடம் மாமனாருக்குப் பின் எனக்கு வந்தது. கூடவே அவருடைய கெட்ட பெயரும் வந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த ஒரு பயணி, திரும்பிப் போய்ப் புத்தகம் போட்டான். 'இந்தத் துறைமுகத்தில் கடிதம் எழுதுகிறவன், வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறான். விழித்ததும் மிச்சத்தைத் தானாகவே எழுதி முடிக்கிறான்' என்று அதில் ஒரு பத்தி. சுங்க அலுவலகத்துப் பெரிய குமாஸ்தா அதைத் தெருவுக்கே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் என் முன்னால் உட்காருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "தூங்கிட மாட்டீங்களே?" பாதிப் பேர் உட்காராமலே போய்விடுகிறார்கள். அந்தப் பத்தியை அழிக்க இன்னொரு புத்தகம் வந்தால்தான் உண்டு.

"எங்கப்பா மானம் இப்ப உங்க முதுகுலதான் இருக்கு. கூன் போடாம உக்காருங்க" என்று சொல்லித்தான் மனைவி தினமும் அனுப்பினாள். கல்யாணத்தன்று நான் போட்டிருந்த கோட்டை வெயிலில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள்.

"கொட்டாவி வந்தா என்ன பண்றது?"

"வாயை மூடிக்கிட்டு விடுங்க."

எனக்குப் பக்கத்தில் மாலுமிகளுக்குச் சட்டை தைக்கிற தையற்காரர். அளவெடுத்து அளவெடுத்து அவர்கள் பேச்சு அவருக்குப் படிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பாஷை மனு எழுத மட்டும்தான் உதவும். வாயைத் திறந்தால் எந்த வெள்ளைக்காரனுக்கும் புரியாது.

"நான் வேணா போய் தொரைகிட்டப் பேச்சுக் குடுக்கட்டுமா, அண்ணே?"

"வேண்டவே வேண்டாம் தம்பி. அப்புறம் புத்தகம் பூரா உன் ஊசியும் நூலுமாத்தான் இருக்கும்."

"சரி சரி, புத்தகத்தை நீங்களே வச்சுக்குங்க."

புத்தகத்துக்குத் தகுந்தபடி தொழிலையும் சீர்திருத்தினேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவரை முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன், போனவர் வரவில்லை. மீன் விற்கிற அம்மாளிடம், "கூடையைத் தள்ளி வைம்மா, தொரை பாக்குறாரு" என்றேன். "அப்ப தொரைக்கே எழுதிக் குடு" என்று எழுந்து போய்விட்டாள். அதனால் என்ன? ஆள் இல்லாத நேரமெல்லாம் வெறும் தாளில் மளமளவென்று எதையோ எழுதித் தள்ளினேன். நான் தூங்கவில்லை என்பதுதானே முக்கியம்.

துரையின் உழைப்பும் லேசுப்பட்டதல்ல. மாலுமிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரித்து எழுதினார். நேற்று ஒரு முரட்டு மாலுமி, சொல்லச் சொல்லச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எங்கள் தெருப் புழுதி அப்படி. எழுதிய தாளைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தார் துரை. பத்திரமாகக் கப்பலில் வைக்கத்தான் என்று தையற்காரருக்கு விளக்கினேன்.

இன்று மத்தியானம் துரை நோட்டை மூடினார். எழுந்து, தெருவைக் கடந்து, நேராக என்னிடமே வந்தார். தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு ஏதோ சொன்னார். எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. கௌரவத்தை விட்டுத் தையற்காரரைக் கூப்பிட்டேன்.

"அஞ்சு நாளா உங்களைத்தான் கவனிச்சாராம், அண்ணே."

"அது தெரிஞ்சதுதானே. மேல சொல்லு."

"பொழுதன்னைக்கும் கண் அசராம எழுதுறீங்களாம்."

இதை மனைவியிடம் சொல்லக் கால் பரபரத்தது. "இதை அப்படியே அச்சுல போடச் சொல்லு!"

"ஆனா உங்ககிட்ட ஆளே வர்றதில்லையேன்னு கேக்குறாரு. இந்தத் தொழிலை வச்சு இங்க ஒருத்தர் பொழைக்க முடியுமான்னு கேக்குறாரு."

எவ்வளவு இளகிய மனசு! இருந்தாலும் தெருவைப் பற்றி இளக்காரமாக எழுதிவிடக் கூடாது அல்லவா?

"ஒருத்தர் என்ன, தாராளமா ரெண்டு பேர் பொழைக்கலாம்னு சொல்லு!"

தையற்காரர் சொன்னார். துரையின் முகம் மலர்ந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். விறுவிறுவென்று திரும்பிப் போய், அந்த மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து என் பலகையை ஒட்டிப் போட்டார்.

"என்ன தம்பி, கிட்ட உக்காந்து இன்னும் விவரமா எழுதப் போறாரா?"

தையற்காரர் துரையிடம் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டதும் என் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.

"கப்பல்காரங்களுக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கிறவராம், அண்ணே. இனிமே இங்கதான் கடையாம்."