செய்முறைத் தேர்வு

பன்னிரண்டு வருடமாக ஊரார் முதுகெலும்பை நேராக்கிய டாக்டர், இப்போது மாணவராகப் பேனா பிடித்தார். குழந்தைகளின் மூளை வளர்ச்சிப் படிப்புக்கு மாறியவருக்கு நாளை செய்முறைத் தேர்வு. குழந்தையைக் காட்ட வந்த தாயாக மனைவியை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புதாம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

"வேணுங்கிறதை விரல் நீட்டிக் காட்டுமா?"

"என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும்."

"பேச்சு?"

"நாலஞ்சு வார்த்தை வந்துச்சு. இப்ப அதுவும் நின்னுபோச்சு." அவள் குரல் உடைந்தது.

"அசல் அம்மா மாதிரியே அழறியே. எந்தப் புத்தகத்துல மனப்பாடம் பண்ணே?"

"ஆறு மாசமா உங்ககிட்ட சொல்லப் பார்க்கிறேன். பரீட்சை முடியட்டும்னீங்க. இன்னிக்குத்தான் நீங்களா கேட்டீங்க."

மூலையில் பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "குட்டிம்மா" என்று கூப்பிட்டார்.

சக்கரம் நிற்கவில்லை.