திங்கக்கிழமை வாங்க

“ஆளைக் கொண்டு வந்திருக்கன், சேர். கீழ ஓட்டோவில இருக்கிறார்” என்றாள் பாலசுந்தரி.

பிரதேச செயலக எழுதுநர் அழகரத்தினம் தேநீரை மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத்தான் பார்த்தார்.

“விடிஞ்சதும் வந்திட்டியா? திங்கக்கிழமை எண்டா சனத்துக்கு வேற வேலையே இல்ல.”

திங்கட்கிழமைதான் பொதுமக்கள் நாள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எந்த நாளில் யார் போனாலும் “திங்கக்கிழமை வாங்க” என்று துரத்துவதும் இதே அழகரத்தினம்தான். ஊருக்கெல்லாம் வாரத்தில் ஒரு திங்கள். அவரிடம் மாட்டியவர்களுக்கு அது முடிவதே இல்லை.

பனிச்சங்கேணியிலிருந்து பாலசுந்தரி வருவது இது நாலாவது திங்கள். முதல் திங்கள் அழகரத்தினம் துரைக்குக் காய்ச்சல். ஞாயிறு கலியாண வீட்டில் ஆடினால் அப்படி ஒரு காய்ச்சல் அவருக்கு வரும். இரண்டாவது திங்கள் போயா விடுமுறை.

மூன்றாவது திங்கள் ஆள் இருந்தார். “உன்ட அப்பா உயிரோட இருக்கார் எண்டு நீ சொன்னா, நான் எழுதித் தரணுமா? அடுத்த திங்கள் ஆளை நேரில கொண்டு வா” என்று படிவத்தைத் தள்ளிவிட்டார்.

அவளுடைய அப்பா வீரகத்தி பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருசம். உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழ் இந்த மாதத்துக்குள் போய்ச் சேராவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். அதோடு மருந்தும்.

“மேல ஏத்த ஏலாது, சேர். நீங்க ஒருக்கா இறங்கி வந்து...”

“நான் இறங்கி வாறதா? நல்ல கதைதான்!”

கைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்து ஜன்னலருகே போனார். கீழே, ஓட்டோவுக்குள்ளிருந்து ஒரு கிழவர் தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மழித்த தலை, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி.

“கையத் தூக்கச் சொல்லு.”

பாலசுந்தரி ஜன்னல் வழியே சைகை காட்டினாள். கிழவர் கையைத் தூக்கினார். அழகரத்தினம் கதிரைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

“ம்... உயிர் கிடக்கு” என்று சிரித்தபடி முத்திரையைக் குத்தினார். “போ. அடுத்த வருசம் வரைக்கும் கிழவன் தாக்குப்பிடிக்கிறானோ பாப்பம்.”

ஓட்டோ பனிச்சங்கேணிப் பாலத்துக்கு வந்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

“பெரிய உதவி, பெரியையா. அப்பாவை இந்த றோட்டில ஆட்டிக் கொண்டு வந்திருந்தா, உயிரே போயிருக்கும். முதியோர் இல்லத்தில எத்தினை பேருக்குச் சமைச்சுப் போடுறன்! அப்பாவுக்குப் பதிலா வரச் சொல்லிக் கேட்டா, எல்லாரும் பயந்திட்டாங்க. நீங்க மட்டும்தான், அழகரத்தினம் எண்ட பேரைக் கேட்டுப்போட்டு வாறன் எண்டீங்க.”

கிழவர் வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தாள் கண்டுபிடிச்சிருவான் எண்டு உங்களுக்குப் பயம் வரல்லியா?”

“எட்டு வருசமா எட்டிப் பாக்காதவன், இண்டைக்கா கண்டுபிடிக்கப் போறான்?” என்றார் கிழவர். “அவன் என்ட மூத்த மகன், புள்ள.”