தீர்மானப் புத்தகம்

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அன்னக்கொடி நூறு நாள் வேலைக்குப் போகிறவள். மாதந்தோறும் கூட்டத்துக்கு வர முடியாது. ஆகவே ஜூன் மாதமே தீர்மானப் புத்தகத்தில் பத்து வெற்றுப் பக்கங்களின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். மற்ற பெற்றோரும் அப்படித்தான். தலைமையாசிரியர் தனிஸ்லாஸ் அவ்வப்போது மேலே எழுதிக்கொள்வார். யாரும் இதைத் தவறென்று நினைத்ததில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவியதற்கெல்லாம் எதற்கு ஊரைக் கூட்டுவது?

செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாலு மணிக்குள் ஒரு தீர்மானம் வேண்டும் என்றார்கள். தனிஸ்லாஸ் நான்காவது பக்கத்தில் எழுதி, படம் எடுத்து அனுப்பினார்: ‘மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் இப்பள்ளியை நான்குவழிச் சாலைக்கு அப்பாலுள்ள பள்ளியோடு இணைக்கப் பெற்றோர் அனைவரும் மனமாரச் சம்மதிக்கிறோம்.’

வியாழக்கிழமை பள்ளிக் கதவில் உத்தரவை ஒட்டினார்கள். அன்னக்கொடி வந்து புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பெயரின் கடைசி எழுத்து வழக்கம்போலக் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

“என் கையெழுத்துதான் சார்,” என்றாள்.

“ஆபீஸ்ல கேட்டாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?”

“பதினேழு பிள்ளைக. அந்த ரோட்ட யாரு சார் தாண்டி விடுறது?”

அவள் பக்கத்தைப் புரட்டினாள். இன்னும் ஆறு பக்கங்களில் எதுவும் எழுதவில்லை. ஆறின் அடியிலும் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

“இன்னைக்கு என்ன தேதி சார்?”