எருமை குடித்த உப்புத் தண்ணீர்

“இந்த உப்பு சர்க்கரைத் தண்ணியைக் குடிச்சிட்டு, செத்த எருமை எழுந்து செம்பரம்பாக்கம் ஏரியையே நீந்திக் கடந்துச்சும்மா!” என்கிறார் மருத்துவக் குழுவோடு தொண்டுக்கு வந்த கோதண்டராமன். தொண்ணூற்றொன்றின் ஐப்பசி மழை ஒரகடத்து மேட்டைத் தீவாக்கியிருக்கிறது. ஒழுகும் குடிசையில், வயிற்றுப்போக்கில் துவண்ட மகளை முந்தானையால் மறைக்கிறாள் கிளியம்மாள். குழந்தை அழுகிறது, கண்ணில் ஈரமே இல்லை. “கண்ணீர் வந்துட்டா பொழைச்சுக்கும்மா.” “கருத்தடை மருந்து கலந்துகினு வந்தியா? மொதல்ல நீ குடி, பெருசு.” மடக்கென்று குடித்து மீசையைத் துடைக்கிறார். “ஆட்டுக்கும் ஊத்து.” மூலையில் கட்டியிருந்த ஆடு நக்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்துகிறது. அவரையும் ஆட்டையும் மாறிமாறி முறைத்தபடியே மகளுக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டுகிறாள். வாசல் வெளிச்சம் மெல்ல மங்குகிறது. மறுபடி அழும் குழந்தையின் கன்னத்தில் ஒரு துளி. தொட்டுப் பார்த்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். அந்த இடத்தில் ஒழுகல் இல்லை. “கண்ணுலருந்துதான் வருது... அந்த எருமை நீஞ்சித்தான் இருக்கும், பெருசு.”